மேகத்தில் டீக்கடை இல்லை

அத்தான் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. 'போய்ச் சேர்ந்து' என்று எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்த மனுஷன் எந்த இடத்துக்கும் நேராகப் போய்ச் சேர்ந்ததாக எங்கள் குடும்பத்தில் சரித்திரம் இல்லை. மேலுலகத்துக்கும் முதலில் நாலு ஊர் தள்ளிப் போய், ஏதாவது ஓர் ஆற்றங்கரையைத் தொட்டு, அப்புறம்தான் திரும்பியிருப்பார். வாசலில் நின்றவனிடம் வழி கேட்டிருக்கவே மாட்டார்.

என் அக்காவைக் கட்டியவர். விமானப்படையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு பேங்கில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர். விமானப்படை என்றதும் கறுப்புக் கண்ணாடியும் மிடுக்குமாக ஓர் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் விமானம் ஓட்டியதில்லை. தரையில் நின்று சக்கரமும் எண்ணெயும் பார்த்தவர். ஏறிப் பறந்ததே ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் மூட்டைகளோடு மூட்டையாக. ஆனால் ஓட்டியவர்களுக்குக்கூட வராத ஒரு நோய் இவருக்கு வந்துவிட்டது. ரேடியோவும் ராடாரும் வருவதற்கு முந்தின காலத்து விமானிகள் எப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்பதை எங்கேயோ படித்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து பூமியில் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று ஒரு விரதம்.

"அந்தக் காலத்துல அவம்ட்ட என்னம்மா இருந்துச்சு? தெச காட்டுத பெட்டி ஒண்ணு, மடியில ஒரு வரைபடம், கையில ஒரு வாச்சு. கீழ பாத்தா கடலு, மேல பாத்தா மேகம். இந்த வேகத்துல, இந்தத் தெசையில, இம்புட்டு நேரம் வந்துருக்கோம். அப்பம் இங்கனதான் இருக்கோம். அம்புட்டுதான், கணக்கு. யார்ட்டப் போயி கேப்பான்?"

"நாம இப்பம் முக்கூடல் ரோட்டுலல்லா போறோம்?" என்பாள் அக்கா. "அந்தா நிக்காருல்லா ஒரு அண்ணாச்சி, அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"மேகத்துல டீக்கடை உண்டுமா?" என்பார்.

இதுதான் அவருடைய வேதவாக்கு. என்ன சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். மேகத்தில் டீக்கடை கிடையாது என்பது எங்களுக்கும் தெரியும். முக்கூடல் ரோட்டில் உண்டு என்பதுதான் எங்கள் வாதம். அந்த வாதம் ஒருநாளும் எடுபட்டதில்லை.

அந்தக் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. வடக்கே வேலை பார்த்தபோது பழைய சாமான் சந்தையில் வாங்கியது. விமானிகளுக்கென்றே அந்தக் காலத்தில் செய்தது. இட்லிக் குழி அகலம் இருக்கும். கறுப்பு முகம், அதில் தூங்குகிறவனுக்கும் தெரிகிற மாதிரி பெரிய பெரிய வெள்ளை எண்கள். இருட்டில் ஒளிர்வதற்காக முள்ளில் பூசியிருந்த பூச்சு பழைய நெய் நிறத்துக்கு வந்திருந்தது. பெரிய முகத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு குட்டி முகங்கள். பக்கவாட்டில் ஒரு முழு சின்ன வெங்காயம் அளவுக்குத் திருகு, அதற்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். சுற்றிலும் திருப்பக்கூடிய ஒரு வளையம்.

யாரிடமும் எதையும் கேட்க மாட்டார், சரி. ஆனால் அவரிடம் எல்லாரும் கேட்க வேண்டும். "திருகு ஏன் இம்புட்டுப் பெருசு? கேளுங்க" என்பார். கேட்காவிட்டாலும் பதில் வரும். திறந்த விமானத்தில் குளிர் கொல்லும், விமானி தடித்த தோல் கையுறை போட்டிருப்பான், அந்தக் கையுறையோடு திருக வேண்டும், அதனால் பெரிது. வார் ஏன் இவ்வளவு நீளம்? தோல் சட்டைக்கு மேலே கட்ட வேண்டும், அதனால் நீளம். உள்ளே ஏன் இன்னொரு இரும்பு மூடி? விமானத்தில் இருக்கிற காந்தம் ஓட்டத்தைக் கெடுத்துவிடக்கூடாது, அதனால். வளையம் எதற்கு? புறப்படும்போது அதிலுள்ள புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும், அதற்கு.

பாளையங்கோட்டை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, சட்டைக் கைக்கு மேலே அந்த வாரைக் கட்டிக்கொண்டு மனுஷன் மார்க்கெட்டுக்குப் போவார். காய்கறிக்காரி முதல் நான் வேலை பார்க்கிற கோர்ட்டில் இருக்கிற பியூன் வரைக்கும், "ஒங்க அத்தானுக்குக் கையில என்ன, அடிபட்டுருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பாவப்பட்ட மனுஷன், "அண்ணாச்சி, மணி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, இரும்பு மூடி வரைக்கும் கேட்டு முடிப்பதற்குள் தூத்துக்குடி பஸ் போய்விட்டது. அவர் பஸ்ஸின் பின்னால் ஓடினார். அத்தான் என்னிடம், "பாதியில போறான் பாரு, ஆர்வமே இல்ல" என்றார்.

ஐப்பசி மழைக்கு இடி இடிக்கும். மாடியில் துணி காயும். மின்னல் வெட்டியதும் மேல் பொத்தானை ஓர் அமுக்கு, இடிச் சத்தம் கேட்டதும் இன்னோர் அமுக்கு. கடிகார முகத்தின் ஓரத்தில் தூரம் சொல்வதற்கென்று ஓர் அளவுக் கோடு இருக்கிறது. "தச்சநல்லூர்ல விழுந்துருக்கு" என்பார். அடுத்த மின்னலுக்கு, "ஜங்ஷனுக்கு வந்தாச்சு." அக்கா துணிகளை வாரிக்கொண்டு நனைந்து இறங்கி வரும்போது, "இப்பம் நம்ம தலைக்கு மேலதான்" என்று அறிவிப்பார். ஒரு துண்டை எடுத்து மடித்தார் என்று கிடையாது.

சாதாரண நிறுத்து கடிகாரத்தில் முள்ளை நிறுத்த ஓர் அமுக்கு, பழைய இடத்துக்குக் கொண்டுவர ஓர் அமுக்கு, மறுபடி ஓட்ட ஓர் அமுக்கு. அத்தானுடையதில் கீழ்ப் பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினால் போதும். ஓடுகிற முள் அப்படியே பின்னால் பறந்து போய் முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். திசை மாற்றித் திரும்புகிற விமானிக்கு மூன்று தடவை அமுக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? பழைய கணக்கு முடிந்தது, புதுக் கணக்கு தொடங்கியது. இதை அவர் ஒரு பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அக்கா என்னைப் பார்ப்பாள். ஏனென்றால் வீட்டில் சண்டையும் அதே மாதிரிதான். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற குறைகளை அக்கா வரிசையாகச் சொல்லி, மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து பார்க்கும்போது, "சரி, காப்பி உண்டா?" என்பார். அவருக்கு எல்லாம் பூஜ்யத்துக்கு வந்து புதிதாக ஓட ஆரம்பித்திருக்கும். அக்காவுக்கு வருமா? அவள் நெஞ்சில் அப்படி ஒரு பொத்தான் இல்லையே.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'தெரிஞ்ச தப்பு' என்று ஒன்று வைத்திருந்தார் பாருங்கள், அதுதான் எங்களை ஒரு வழி பண்ணியது.

கடலின் நடுவே ஒரு சின்னத் தீவு. விமானி அதற்கு நேராகப் போகிறான். காற்று கொஞ்சம் தள்ளிவிடுகிறது. கணக்குப்படி வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் தீவு இல்லை. இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா? தெரியாது. தப்பான பக்கம் திரும்பினால் எண்ணெய் தீர்ந்து கடலில் விழ வேண்டியதுதான். அதனால் கெட்டிக்காரன் தீவுக்கு நேராகப் போகவே மாட்டானாம். வேண்டுமென்றே ஒரு பக்கமாகத் தள்ளி, தப்பாகப் போவானாம். போக வேண்டிய நேரம் போனதும் அடுத்த பக்கம் திரும்பினால் தீவு அங்கேதான் இருந்தாக வேண்டும்.

"தெரியாமச் செஞ்சாத்தாம்மா தப்பு. தெரிஞ்சு செஞ்சா, எந்தப் பக்கம் தப்புன்னு நமக்குத் தெரியும்லா?"

கடலுக்கு இது சரி. தச்சநல்லூருக்கு?

நாங்கள் தச்சநல்லூரில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று நடந்ததைச் சொல்கிறேன். பிறந்த வீட்டுப் பெண்ணாக அக்காதான் குத்துவிளக்கோடு முதலில் உள்ளே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு என்னைவிட ஆசை. காலையில் குளித்து, பட்டுக் கட்டி, மடியில் விளக்கை வைத்துக்கொண்டு அத்தானுடைய பழைய ஜீப்பில் ஏறியிருக்கிறாள். பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி, ஜங்ஷனைத் தாண்டி வந்தால் எங்கள் தெரு. ஆனால் தெருவுக்கு நேராக வந்தால் புது வீடு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அதனால் அத்தான் வேண்டுமென்றே வடக்கே வெகுதூரம் போய், தண்டவாளத்தைத் தொட்டு, அதை ஒட்டியே தெற்கே திரும்பி வருவதாக ஏற்பாடு. தண்டவாளத்தை ஒட்டி வழியே இல்லை. அங்கே ஒரு குளம் இருந்தது.

நல்ல நேரம் முடியப் போகிறது என்று என் மாமியார் முணுமுணுக்க ஆரம்பித்து, என் நாத்தனார் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பாலும் பொங்கி வடிந்து, வந்தவர்கள் இலையில் உட்கார்ந்த பிறகு ஜீப் வந்தது. அக்கா இறங்கி வாசலில் நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தான் வளையத்தைத் திருப்பிச் சரிபண்ணிக்கொண்டே, "கணக்கு சரியாத்தான் வந்துச்சு. கொளம் மட்டும் வரைபடத்துல இல்ல" என்றார்.

நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன், "அத்தான், அந்தச் சவத்து வாச்ச அந்தக் கொளத்துலயே போட்டுட்டு வந்துருக்கலாம்லா?" என்று. கோர்ட்டில் நாள் முழுக்க வாக்குமூலம் டைப் அடிக்கிறவள் நான். சுற்றிச் சுற்றிப் பேசுகிற சாட்சிகளைச் சகித்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன். சம்பளம் இல்லாமலும் சகித்துக்கொள் என்றால் எப்படி?

இந்த மனுஷனுக்கு வாய்த்த மாமனார், அதாவது எங்கள் அப்பா, நேர் எதிர். ஆழ்வார்குறிச்சிக்கு அடுத்து, கடனாநதிக் கரையில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவுக்குக் கொஞ்சம் வயல், நிறைய வாய். தெரிந்த ஊருக்கே வழி கேட்டுப் போவார். அம்பாசமுத்திரத்துக்கு ஆயிரம் தடவை போயிருப்பவர், வண்டியை நிறுத்தி, "தம்பி, அம்பைக்கு இப்படித்தானே போவணும்?" என்பார். அப்படியே அந்தத் தம்பி யார் மகன், வயலில் என்ன போட்டிருக்கிறான், தாய்க்கு இப்போது முட்டுவலி தேவலையா எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் நகருவார். என் கல்யாணமே அப்படி வழி கேட்டதில் வந்ததுதான். தச்சநல்லூரில் அப்பாவுக்கு வழி சொன்ன அண்ணாச்சிதான் பிற்பாடு என் மாமனார்.

இந்த இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் ஏற்றித் திருச்செந்தூருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அனுப்பினோம். அத்தான் கேட்க மாட்டேன் என்கிறார், அப்பா ஆளுக்கு ஆள் நிறுத்தச் சொல்கிறார்.

"மேகத்துல டீக்கடை உண்டுமா மாமா?"

"மேகத்துல இல்ல மாப்ள. இங்கன இருக்குல்லா? நிறுத்துங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போவோம்."

அப்பா டீ குடித்தபடி கடைக்காரரிடம் வழி கேட்பார். அத்தான் ஜீப்பிலேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக வேறு பக்கம் பார்ப்பார். போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது.

அத்தானின் கடிகாரத்தை இந்த உலகத்தில் மனமுவந்து விசாரித்த ஒரே ஆள் அப்பாதான். ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும், "மாப்ள, இந்தக் கீழ்ப் பொத்தான் எதுக்குன்னு சொன்னிய?" என்று ஆரம்பிப்பார். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் எல்லாருக்குமே தூக்கத்தில் கேட்டால்கூடத் தெரியும். ஆனாலும் அத்தான் முதல் தடவை சொல்வதுபோல் சொல்ல, அப்பா முதல் தடவை கேட்பதுபோல், "அப்படியா! ஒரே அமுக்குலயா!" என்பார். நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவேன்.

அப்பா இறந்த அன்று நல்ல மழை.

அடைமழை என்றால் சாதாரண அடைமழை இல்லை. அணைகளைத் திறந்துவிட்டதில் தாமிரபரணி கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. காலையில் அப்பா காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தம்பி போன் பண்ணினான். நான் மழையோடு மழையாகப் பாளையங்கோட்டைக்கு ஓடினேன். அக்கா அழுதுகொண்டு நிற்கிறாள், அத்தான் ஜீப்பில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்பை ரோட்டில் ஒரு பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, முக்கூடல் வழியாகத்தான் போக முடியும் என்று தெருவில் சொன்னார்கள். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தானாக வந்து சொன்னார்கள்.

முக்கூடலை நெருங்கும்போது தம்பி மறுபடி கூப்பிட்டான். "அக்கா, எங்கன வாரிய? ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. சுடுகாட்டுப் பாதை முங்கிரும்னு பெரியவங்க எல்லாம் சொல்லுதாவ. நீர்மாலைக்குப் பொறப்பட்டாச்சு. அப்பாவ ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாதுக்கா. வெரசா வாங்க." அதோடு சரி. சிக்னல் போய்விட்டது. என் போனில் இருந்த வரைபடம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெள்ளையாக நின்றது.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டுவிட்டால் பாடையைத் தூக்கிவிடுவார்கள். பெண்கள் தெருமுனையோடு சரி. அதற்குமேல் சுடுகாட்டுக்கு எங்கள் ஊரில் பெண் போகிற வழக்கம் இல்லை. தூக்குவதற்குள் வீட்டுக்குப் போனால்தான் அப்பா முகம். இல்லாவிட்டால் கிடையாது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டே வந்தாள்.

பாப்பாக்குடி தாண்டியதும் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. முன்னால் ஓர் ஓடை ரோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. டிராக்டர் வந்து கல் கொட்டியபிறகுதான் வண்டி போகும் என்று குடைக்குள் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. வளையத்தை ஒரு தடவை திருப்பினார். பிறகு ஜீப்பைப் பின்னால் எடுத்து, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வாய்க்கால் கரை மேல் ஏற்றினார்.

எங்கள் ஊர் தென்மேற்கே. இவர் நேர் மேற்கே போகிறார். மழையில் பொதிகை மலை இருந்த இடமே தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர் நிற்கிற வயலும் வெள்ளை வானமும்தான்.

"அத்தான், ஊரு அங்கனல்லா இருக்கு? நீங்க எங்க போறிய?"

அவர் கியரை மாற்றினார்.

"ஏங்க, இன்னைக்கும் ஒங்க வேலயக் காட்டாதிய. ஒங்க காலைப் பிடிக்கேன். நேராப் போங்க" என்றாள் அக்கா.

வாய்க்காலில் ஒருவர் மடை திறந்துகொண்டிருந்தார். "அவர்ட்டயாவது கேளுங்களேன்!" என்று நான் கத்தினேன். ஜீப் அவரைத் தாண்டிப் போனது. மேகம், டீக்கடை எதுவும் வரவில்லை. அதுகூட எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். தச்சநல்லூர் குளத்தைச் சொன்னேன். அக்காவின் விளக்கைச் சொன்னேன். அப்பாவின் கேதத்துக்குப் போகிறபோதுமா ஒரு மனுஷனுக்குத் தெரிஞ்ச தப்பு என்று கேட்டேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, "எங்கப்பா மொகத்த நான் பாக்கலன்னா, இந்த ஜென்மத்துல ஒங்ககூடப் பேச மாட்டேன்" என்று சாதாரணக் குரலில் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் சேற்றில் வழுக்குகிற வண்டியைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கரை முடிகிற இடத்தில் கடனாநதி வந்தது. ஊருக்கு வெகு மேலே வந்திருந்தோம். செம்மண் கலங்கலாகத் தண்ணீர் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. அத்தான் இடப்பக்கம் திரும்பினார். ஆற்றை ஒட்டியே கீழே இறங்கினார். கொஞ்ச தூரத்தில் சங்குச் சத்தம் கேட்டது.

ஊரின் சுடுகாட்டுக்கு நுழைகிற இடத்தில் அரிச்சந்திரன் கல் இருக்கிறது. அதுவரை கொண்டு வந்த பாடையை அங்கே இறக்கி, தலைமாட்டை மாற்றித் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். எந்த அவசரத்திலும் எங்கள் பக்கத்தில் அதை விடமாட்டார்கள். அத்தான் ஜீப்பை நிறுத்தியபோது பாடை கல்லின் முன்னால் தரையில் இருந்தது. நாலு பேர் அதைத் திருப்பக் குனிந்திருந்தார்கள். தம்பி தீச்சட்டியோடு நின்றான்.

நானும் அக்காவும் குதித்து ஓடினோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து கையை நீட்டினார். "நில்லுங்கம்மா. பொம்பளைய இந்த எல்லைக்குள்ள வரக்கூடாது. திரும்பிப் போங்க. என்னவே மாப்ள, நீரு படிச்ச ஆளுல்லா, இவங்கள இங்கனயா கூட்டிட்டு வருவீரு?"

இனி கணக்கையும் காற்றையும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பார் என்று நினைத்தேன். அவர் வந்து, அந்தச் சேற்றில், கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணாச்சி, ஒங்கட்டக் கேக்கேன். வழியில மாட்டிக்கிட்டோம், வீட்டுக்கு எட்டல. ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டு இவங்க போயிருவாங்க. தப்புன்னா அந்தத் தப்பு என் தலையில இருக்கட்டும். ஒங்கட்டக் கேக்கேன் அண்ணாச்சி."

பெரியவர் அவரையே பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. யாரோ பின்னால், "தண்ணி ஏறுது" என்றார்கள். "மொகத்துணிய எடுங்கலே" என்றார் பெரியவர்.

அப்பா தூங்குகிற மாதிரி எல்லாம் இல்லை. செத்துப்போனவர் மாதிரிதான் இருந்தார். நெற்றித் திருநீறு மழையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். தம்பி எங்கள் கையில் அரிசி தந்தான், போட்டோம். கடைசியாக அத்தானும் போட்டார். பிறகு பாடையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு எரிக்கிற தகரக் கொட்டகைப் பக்கம் போனார்கள்.

அத்தான் எங்களை ஜீப் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர்கள் பின்னால் போகத் திரும்பினார். எனக்கு அடங்கவில்லை. எனக்கு எப்போதுமே அடங்காது.

"வீட்டுக்கு எட்டாதுன்னு ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"ரோடு அறுத்துக்கெடந்துச்சுல்லா, பாப்பாக்குடி தாண்டி. அங்கனயே."

"அப்பமே சொல்லித் தொலச்சா என்ன? இப்படிக் கத்த விட்டு, அழ விட்டு... கல்லுகிட்ட பாத்துரலாம், பேசாம வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையும் நனைந்துதான் இருந்தது.

"ஒங்கம்மாவ எடுத்த அன்னைக்கு நானும் இந்த வழி நடந்துருக்கேன். இம்புட்டு நேரம் ஆவும்னு ஒரு நெதானம் உண்டு. ஆனா உறுதி இல்லம்மா. கல்லுகிட்ட புடிச்சாலும் புடிக்கலாம், விட்டாலும் விட்டுரலாம். உறுதி இல்லாதத எப்படிச் சொல்ல? வீட்டுல பாக்க முடியாதுன்னு மட்டும் அங்கன சொல்லிருந்தா, அந்த எடத்தோட ஒங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அதான் என்னய வையட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, சறுக்குகிற பாதையில் பைய நடந்து கொட்டகைக்குப் போனார். அக்கா ஜீப்பில் ஏறி, அவர் உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். பாப்பாக்குடியிலிருந்து அந்தக் கல் வரைக்கும் அவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தோம். அவ்வளவு தூரமும் நாங்கள் அப்பாவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.